"எம் புள்ள" என்று எழுதினேன்

பிப்ரவரி 11, புதன்

ஜாக்சன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி இன்றுதான் வேலைக்குப் போனேன். ரப்பர் பூட்ஸ் மாட்டி, கத்தியைத் தீட்டி, மீன் அறுக்கும் வரிசையில் என் இடத்தில் நின்றேன். பத்து கெளுத்திகூட அறுத்திருக்க மாட்டேன், மேலாளர் ஹாஸ்கின் கூப்பிடுகிறார் என்றார்கள். அவர் மேசையில் என் விடுப்புப் படிவம். பக்கத்தில் அவர் மகள் லேசாக மேடிட்ட வயிற்றோடு நிற்கும் போட்டோ.

"மிஸ் ஓஸெல்லா, நோயாளி என்ன உறவுன்னு கேட்ட இடத்துல 'எம் புள்ள'ன்னு எழுதியிருக்கீங்க. ஆஸ்பத்திரி கடிதத்துல அம்மா பேரு லவோன்னு இருக்கே?"

"லவோன் எம் மக. லாரி ஓட்டிக்கிட்டுப் போனவ ஆரிகன் பக்கம் பனியில மாட்டிக்கிட்டா. அதான் நான் போனேன்."

"அப்ப டனீஷா உங்க பேத்தி. பேத்திக்குன்னு சட்டத்துல விடுப்பு கிடையாது. படிவத்துல பொய் எழுதினா வேலை போயிடும். விதி உங்களுக்கே தெரியும்."

பொய்யா? இந்த டெல்டாவில் எந்தக் கிழவி பேத்தியை 'எம் புள்ள' என்றில்லாமல் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள்? அரிவாள் அணு ரத்த நோய் முத்தி, எலும்பெல்லாம் குத்துது மம்மான்னு அவ கத்துனப்ப ஒன்பது நாளு கையப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே, அதுவும் பொய்யா?

கத்தியை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷம்.

பிப்ரவரி 12

நாலரைக்கே விழித்துக்கொண்டேன். பூட்ஸ் மாட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

பிப்ரவரி 24

தொழிற்சங்கத்து வெர்டி சோள ரொட்டியோடு வந்தாள். என் விஷயமாகச் சங்கம் புகார் கொடுத்திருக்கிறதாம். இன்னொன்றும் சொன்னாள். வாஷிங்டனில் விடுப்புச் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா வந்திருக்கிறது. பாட்டி தாத்தாவையும் பேரப்பிள்ளையையும் குடும்பத்தில் சேர்க்கப் போகிறார்களாம். அதை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு முன்னால் பேச ஆள் தேடுகிறார்கள்.

"நீ போடி."

"நான் அஞ்சாவது படிச்சவ. அங்க போய் என்னத்தப் பேச?"

"சர்ச்சுல பாஸ்டரையே உட்காருங்கன்னு அதட்டுறவ நீ. வாஷிங்டன்காரன் என்ன, அவரவிட உசரமா?"

நாளை சொல்கிறேன் என்றேன். அவள் ஏற்கெனவே என் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள், கள்ளி.

மார்ச் 8

டனீஷா நர்சிங் கல்லூரியிலிருந்து வந்தாள். முகம் தெளிந்திருக்கிறது. மசோதாவைப் படித்துக் காட்டினாள்.

"நான் எங்கடி இருக்கேன் இதுல?"

மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி. விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் அகலம்கூட இல்லை.

"இந்தத் துண்டு வரிக்கா இவ்வளவு சண்டை?"

"ஆமா மம்மா. பாட்டிங்களுக்கெல்லாம் விடுப்பு குடுத்தா வரிசையில நிக்க ஆளே இருக்காதுன்னு முதலாளிங்க சொல்றாங்க."

"பாட்டிங்க இல்லன்னா இப்பவே வரிசையில ஆள் கிடையாதுடி!"

அதை அங்கேயும் சொல்லு என்று சிரித்தாள்.

மார்ச் 18, புதன்

பேசிவிட்டேன்!

ஈஸ்டர் தொப்பிதான் போட்டுக்கொண்டேன். பின்னால் டனீஷா, அவள் பக்கத்தில் வெர்டி. ஐந்து நிமிடம் தருவார்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்த வேண்டும். ஓடுகிற வரிசையில் மீன் அறுத்தவளுக்கு ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம்! விளக்குக்கு முன்பே முடித்துவிட்டேன்.

அப்புறம் எதிர்க்கிற பக்கத்து நரைத்தலை உறுப்பினர் என் படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

"அம்மா, அவங்க உங்க பிள்ளை இல்லைன்னு தெரிஞ்சேதானே இப்படி எழுதினீங்க?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியும் ஐயா. எம் மக அவளப் பெத்தப்போ கதவுக்கு வெளியில நின்னவ நான். உங்களுக்குப் பேரப்பிள்ளைங்க உண்டுங்களா?"

"நாலு பேர்."

"உங்க வீட்டம்மா அதுங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். வாய்க்குள் ஏதோ முனகினார். ஒலிபெருக்கி அதையும் பிடித்துவிட்டது: "அப்படித்தான் கூப்பிடுவா."

அறை முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

"நான் எழுதுனது பொய்யில்ல ஐயா. எங்க சொல்லுக்கு உங்க சட்டத்துல இடம் இல்ல, அவ்வளவுதான். இடம் விடுங்க, நான் சரியா எழுதுறேன்."

வெளியே வந்ததும் வெர்டி என் தொப்பியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நடைபாதை முழுக்க நடந்தாள். வெட்கம் கெட்டவள். டனீஷா அழுதாள். நானும்தான்.

ஏப்ரல் 9

மசோதா குழுவைத் தாண்டிவிட்டது! ஒரு வாக்கு வித்தியாசம். நரைத்தலைக்காரர் எங்கள் பக்கம் கை தூக்கினாராம். இன்னும் இரண்டு சபை இருக்கிறது என்று வெர்டி எச்சரிக்கிறாள். இருக்கட்டும். மூன்றாம் பக்கத்து வரியை யாரும் அடிக்கவில்லை.

ஏப்ரல் 14

கம்பெனியிலிருந்து கடிதம். சங்கத்தின் புகாரை ஏற்றுக்கொண்டார்கள். படிவம் தெளிவாக இல்லையாம், நான் பொய் எழுதவில்லையாம். திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டும். நாலு தரம் படித்தேன். லவோனுக்குப் போன் போட்டு ஐந்தாம் தரமும் படித்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

என் இடம், என் கத்தி. நான் உள்ளே நுழைந்ததும் வரிசை முழுக்கக் கத்திப் பிடிகளால் மேசையைத் தட்டினார்கள்.

அலுவலகத்தில் புதுப் படிவம். சட்டம் வருகிற வரைக்கும் காத்திருக்காமல் கம்பெனியே ஒரு கட்டத்தைச் சேர்த்திருக்கிறது: பேரப்பிள்ளை. ஒன்று கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

மே 6

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹாஸ்கின் நான் இருந்த பெஞ்சுக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. அவர் மகளுக்கு ஏழு மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டதாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கையில் புதுப் படிவம்.

"மிஸ் ஓஸெல்லா... இத எப்படி நிரப்பணும்?"

நகர்ந்து இடம் விட்டேன்.

"உட்காருங்க. அந்தக் கட்டத்துல ஒரு குறி போடுங்க, போதும். குழந்தைக்கு என்ன பேரு?"

"இன்னும் வைக்கல. நாங்க சும்மா கூப்பிடுறது..." நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"தெரியும்," என்றேன். "போங்க, உங்க புள்ளயப் போய்ப் பாருங்க."