இடக்கைத் துவக்கு வாங்குவது பற்றி

ஹம், ஜேர்மனி
2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி உருத்திரமூர்த்திக்கு,

இன்று எனக்கு எழுபத்திரண்டு வயதும் நான்கு மாதமும் பதினொரு நாளும். இதை முதலிலேயே எழுதக் காரணம் உண்டு. உன் மூன்று பக்கக் கடிதத்தில் என் வயது நான்கு இடங்களில் வருகிறது, நான்கும் பிழை. ஓரிடத்தில் எழுபத்தைந்து என்கிறாய், முடிவில் "எண்பதை எட்டும் இந்தப் பருவத்தில்" என்கிறாய். இன்னும் ஒரு பக்கம் எழுதியிருந்தால் என்னை எரித்துச் சாம்பலும் கரைத்திருப்பாய்.

நான் நலம். யோசப்பினின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று அறிந்து மகிழ்ச்சி. அவளை நடக்க விடு. கட்டிலில் இருத்திச் சூப் பருக்குவது அன்பாகத் தெரியலாம், முழங்காலுக்கு அது கேடு.

இனி விடயத்துக்கு வருகிறேன். தொலைபேசி எடுக்காமல் எழுதுவது, தொலைபேசியில் நீ என்னை ஒரு வசனம் முடிக்க விடமாட்டாய் என்பதால்.

மதீசன் உனக்குத் தொலைபேசி எடுத்தது எனக்குத் தெரியும். தாய்மாமன் சொன்னால் அம்மா கேட்பா என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்து, கணினி நிறுவனத்தில் ஐம்பது பேருக்கு மேலாளராக இருப்பவனுக்குத் தேவைப்படும்போது மட்டும் யாழ்ப்பாணம் ஞாபகம் வருகிறது. அவன் உன்னிடம் முழுவதையும் சொல்லியிருக்கமாட்டான். ஆகவே நான் சொல்கிறேன்.

என் மேசையில் இப்போது இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, நான் இந்த வீட்டை விடுகிறேன் என்று வீட்டுக்காரருக்கு எழுதப்பட்ட கடிதம். மதீசனே எழுதி, அச்சடித்து, கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் போட்டுத் தந்திருக்கிறான். ஏப்ரல் மூன்றாம் திகதிக்குள் கொடுத்தால் ஜூன் முடிவில் அவன் வீட்டு மேல்மாடி அறைக்குப் போய்விடலாம். மற்றது, ஆயுதக் கடையின் கட்டளைப் பத்திரம். போன ஞாயிறு அதைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "அம்மா, உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதோ? இந்த வயசில ஆராவது துவக்கு வாங்குவினமோ?" முப்பத்தைந்து வயதில் வாங்கியிருக்கவேண்டும், அப்போது உனக்குப் பால்மா வாங்கவேண்டியிருந்தது என்றேன். அவன் சிரிக்கவில்லை. "துவக்கு இந்த வீட்டுக்குள்ள வந்தா நானும் தேனுஜாவும் பிள்ளையளும் இந்த வாசல் மிதிக்க மாட்டம்" என்றான். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நாடா இல்லாத சப்பாத்து.

நீ எழுதியிருக்கும் முதலாவது ஆட்சேபம் உயிர்க்கொலை. கோயில் பரிபாலன சபையில் இருக்கிறாய், எழுதத்தான் வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை மரக்கறி உண்டு சனிக்கிழமை ஆட்டிறைச்சிக் குழம்புக்கு அரைக்கும் வீட்டிலிருந்து இந்த உபதேசம் வருகிறது. உன் ஆட்டை யார் கொன்றது என்று உனக்குத் தெரியாது. உனக்குள்ள சௌகரியம் அவ்வளவே. நான் அதை யாரிடமும் ஒப்படைக்காமல் செய்ய விரும்புகிறேன்.

எப்படித் தொடங்கியது என்று கேட்டிருந்தாய். எங்கள் ஊருக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயலும் புல்வெளியும்தான். மே மாதம் புல்வெட்டு இயந்திரம் வருமுன், புல்லுக்குள் படுத்திருக்கும் மான்குட்டிகளைத் தூக்கி ஓரமாக விடுவதற்கு ஆள் வேண்டும். ஓய்வு பெற்ற வருடம் தொடக்கம் நான் போகிறேன். அந்த நிலத்தின் வேட்டை உரிமை லோமான் என்ற விவசாயியிடம் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் காலை, வீதியோரம் காரில் அடிபட்ட பெண்மான் ஒன்று கிடந்தது. பின்கால்கள் இரண்டும் முறிந்து, முன்கால்களால் இழுத்துக்கொண்டு வயலுக்குள் போகப் பார்த்தது. லோமான் துவக்கோடு வந்துசேர ஐம்பது நிமிடம் எடுத்தது. அந்த ஐம்பது நிமிடமும் நான் கையில் ஒன்றுமில்லாமல் பக்கத்தில் நின்றேன். மறுநாள் வேட்டை அனுமதிப் பரீட்சைக்கான வகுப்பில் பெயர் கொடுத்தேன். எழுத்துப் பரீட்சையில் ஒரு கேள்வியும் பிழைக்கவில்லை. பேராதனையில் பௌதிகம் படித்தவளுக்கு அது பெரிய காரியமல்ல, ஆனாலும் நீ அறிந்திருக்கவேண்டும்.

இப்போது லோமான், மே முதல் அவருடைய நிலத்தில் வேட்டையாட எனக்கு எழுத்தில் அனுமதி தந்திருக்கிறார். வசந்தத்தில் ஆட்டளவேயான சிறிய மான். செப்டம்பரில் புள்ளி போட்ட பெரிய மான். ஆகவே துவக்குத் தெரிவு செய்யவேண்டியிருந்தது. கடைக்கு லோமானும் வந்தார். கடைக்காரர் அரை மணி நேரம் அவரோடுதான் பேசினார். கடைசியில் "வாங்குபவர் ஃபிராவ் இரத்தினம், நான் சாரதி மட்டும்" என்று லோமான் சொன்னபிறகு என் பக்கம் திரும்பி, பெண்களுக்கு ஏற்ற குழல் அளவு, கலிபர் என்று .243 ஐ எடுத்து வைத்தார். பெண்களுக்கென்று தனிக் கலிபர் இருப்பது எனக்குத் தெரியாது, ஆனால் இந்த நாட்டுச் சட்டத்தின்படி பெரிய மானுக்கு ஆறரை மில்லிமீட்டருக்குக் குறைந்த சன்னம் ஆகாது என்பது தெரியும், உங்களுடையது ஆறு மில்லிமீட்டரும் சொச்சமும் என்றேன். அதன்பிறகு அவர் எனக்குக் கதிரை போட்டார்.

சுடுகூடத்தில் ஒருவர், திறந்த வெளிக்குப் பலத்த .300 மக்னம்தான் வேண்டும் என்று மேசையில் தட்டிச் சொன்னார். அவர் சுடும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். லோமான் தன் தகப்பன் காலத்து .30-06 ஐ விட்டுக்கொடுக்கமாட்டார். "ஐம்பது வருசமாய் என்னைக் கைவிடவில்லை" என்றார். உங்கள் தோளையும் கைவிடவில்லை, அதனால்தான் இடது பக்கம் சரிந்து நடக்கிறீர்கள் என்றேன். "ஃபிராவ் இரத்தினம், உங்கள் கணவர் பாவம்" என்றார். கணவர் பதினொரு வருடத்துக்கு முன்னரே தப்பிவிட்டார் என்றேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு.

நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மரமில்லாத சமவெளியில் மான் நூறு மீட்டருக்குக் கிட்ட வராது. எப்போதும் பக்கக்காற்று வீசும். சன்னம் நீண்டு ஒடுங்கியதாக இருந்தால் காற்று அதைக் குறைவாகவே தள்ளும். சுடும்போது தோளில் விழும் உதை மெல்லியதாக இருந்தால் சுடுபவர் முன்கூட்டியே மிரளமாட்டார். துவக்கின் வலிமைக் குறைவால் தப்பும் மான்களைவிட மிரண்ட கையால் காயப்படும் மான்களே அதிகம். ஆறரை மில்லிமீட்டர் கிறீட்மூர் என்ற சன்னம் இரண்டுக்கும் பொருந்துகிறது. அதன் உதை லோமானுடையதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. நூறு மீட்டரில் நான்கு சென்டிமீட்டர் உயர்த்திப் பொருத்தினால் இருநூறில் ஓரிரு சென்டிமீட்டர்தான் தாழும். ஆனாலும் நான் நூற்றைம்பதுக்கு அப்பால் சுடமாட்டேன். சமவெளியில் தவறிய சன்னத்தை மறிக்க மரமோ மேடோ கிடையாது. அது மண்ணுக்குள் புதையும்படி உயரக் கூண்டில் இருந்து கீழ்நோக்கித்தான் சுடுவேன். இதையெல்லாம் மதீசனிடம் சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அவன் கேட்கவில்லை. திறப்பு எங்கே வைப்பீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. துவக்கைப் பூட்டும் இரும்புப் பெட்டிக்குத் திறப்பே இல்லை, இலக்கம்தான். அது என் தலைக்குள் இருக்கிறது.

உன் இரண்டாவது ஆட்சேபம் என் கண். "சின்னனிலையே பனங்கருக்குமட்டை வெட்டி வலக்கண் போன நீங்கள் துவக்குத் தூக்கினால் மானுக்கில்லை, மனிசருக்குத்தான் ஆபத்து" என்று எழுதியிருக்கிறாய். இரண்டு கண் உள்ளவர்களிலும் முக்கால்வாசிப்பேர் ஒன்றை மூடித்தான் சுடுகிறார்கள். நான் அந்த வேலையை அறுபது வருடத்துக்கு முன்னரே முடித்துவிட்டேன். சுடும் பரீட்சையில் முதல்முறை தவறினேன் என்பது உண்மை. வலக்கைத் துவக்கைத் தந்து வலத்தோளில் வைக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கம் எனக்கு இருட்டு. இரண்டாம் முறை இடத்தோளில் வைத்தேன். ஐந்து சன்னமும் தேநீர்க் கோப்பையின் வாயளவு வட்டத்துக்குள் விழுந்தன. ஆகவே நான் கட்டளையிடுவது, சன்னம் ஏற்றும் கைபிடி இடப்பக்கம் உள்ள துவக்கு. கடையில் ஒன்றுமில்லை, செய்து வரவேண்டும். ஆறு கிழமை செல்லும்.

மூன்றாவது ஆட்சேபத்தை நீ எழுதவில்லை, ஆனால் கடிதம் முழுவதும் அதுதான்: தனியே இருக்கிறாள், விழுந்துவிடுவாள், மகன் வீட்டில் அடங்கி இருக்கலாமே. இருபத்தாறு வருடம் நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். என் பட்டத்தை இங்கே எவரும் ஏற்காததால் மற்றவர்களின் தாய்மாரைத் தூக்கித் துடைத்தேன். எட்டுக்குப் பாண், பன்னிரண்டுக்கு உருளைக்கிழங்கு, மூன்றுக்குக் கேக். பேராசிரியராக இருந்த ஒருவர், கேக் வரும்வரை கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். தேனுஜா நல்ல பிள்ளை. அவள் கையால் சாப்பிடுவதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவளுடைய மேல்மாடியில் இருந்து கதவைப் பார்க்க நான் ஆயத்தமில்லை.

செவ்வாய்க்கிழமை நான் கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது அது முடிந்திருக்கும். மதீசனின் தாளை அழகாக மடித்து அவனுக்கே திருப்பி அனுப்புவேன், பென்சில் புள்ளியை அழித்துவிட்டு. அவன் வராமல் விடக்கூடும். பிள்ளைகளையும் கூட்டிவராமல் விடக்கூடும். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீ யோசப்பினைக் கட்டப்போகிறேன் என்று நின்றபோது, வேதக்காரப் பெட்டை வேண்டாம் என்று வீடே திரண்டது. ஐயா உன் பெயரைச் சொல்வதையே விட்டார். தேவாலயத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து வந்தது நான் ஒருத்திதான். அப்போது உனக்கு நான் உபதேசம் ஒன்றும் எழுதவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இன்னுமொன்று. என் கண்ணைக் கருக்குமட்டை வெட்டவில்லை. அது ஐயாவுக்கு நான் சொன்ன பொய். நீயும் அதைத்தான் நம்பினாய். அறுபத்தைந்தாம் ஆண்டு ஆவணி மாதம், நீ கிடுகுவேலிக்கு இந்தப் பக்கம் நின்று அணிலுக்குக் கெற்றபோலால் கல் அடித்தாய். நான் வேலிக்கு மற்றப் பக்கம் ஆட்டுக்குப் பூவரசங்குழை ஒடித்துக்கொண்டிருந்தேன். கல் கிடுகைக் கிழித்துக்கொண்டு வந்தது. மற்றக் கண்ணால் கிடுகு கிழிந்த பொட்டுக்குள்ளால் பார்த்தேன். நீ அணிலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாய். உனக்கு ஏழு வயது. உன்மேல் இரக்கப்பட்டு நான் மறைத்தேன் என்று நினைத்துவிடாதே. சைக்கிள் ரியூப் வெட்டி அந்தக் கெற்றபோலைக் கட்டித் தந்தது நான். இரண்டு அடி விழுந்தால் நீ அதைச் சொல்லியிருப்பாய், என் பள்ளிக்கூடம் அன்றோடு நின்றிருக்கும். முதலில் அதற்காகத்தான் சொல்லவில்லை. பிறகு நீ பெரியவனாகிவிட்டாய், சொல்ல ஒரு தேவையும் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்து அழவேண்டாம். நீயும் யோசப்பினும் நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் இருங்கள். துவக்கு வர ஆறு கிழமை இருக்கிறது. அதற்குள் மதீசனுக்கு எடுத்து, பிள்ளைகளோடு வரச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா
ஜெயமலர் இரத்தினம்