ஏழாவது கட்டம்

பிப்ரவரி 3, திங்கள்

வந்ததும் வராததுமாக ஒரு பேராசிரியரின் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பினேன். நல்ல கரித்துண்டு, கட்டைவிரல் பருமன். ஆனால் படிவத்தில் ஏழாவது கட்டம் காலி. "மாதிரியின் மேல் பசை, மெழுகு, வேறு எதுவும் பூசப்பட்டதா?" ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று. இதை எழுதினால் இந்தப் படித்தவர்களுக்குக் கை தேய்ந்துவிடுமா? தொலைபேசியில் தாட்பூட் என்று குதித்தார். "சார், கரி வாயைத் திறந்து சொல்லாது, நீங்கதான் சொல்லணும்" என்றேன். பக்கத்து மேசையில் சிரிப்பு. பழைய கரிக்கு வயது கண்டுபிடிக்கிற இந்த ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாகக் கரி கழுவுகிறேன். இங்கே என் பெயரே கரிக்கடை.

பிப்ரவரி 6, வியாழன்

தங்கச்சி வந்தாள். வெயிலில் கறுத்து, இளைத்து, நகக்கண்ணெல்லாம் சிவப்பு மண். பதினோரு வருடமாக ஒரே குகையைத் தோண்டுகிறவள் வேறு எப்படி இருப்பாள்? ஒரு சின்ன டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"இதுதாண்ணா. இதுக்கு மேல அங்க ஒண்ணும் இல்ல."

குகையின் அடிமண்ணில் கிடைத்த ஒரே அடுப்பு. அதில் மிஞ்சியது ஒரு தேக்கரண்டிக் கரி. அந்த மலையைக் கல்குவாரிக்குக் கொடுத்தாகிவிட்டது. ஏப்ரல் 10-ல் குவாரி அனுமதியைப் பரிசீலிக்கும் குழு கூடுகிறது. அடுப்பு ஐயாயிரம் வருடத்துக்கு முந்தையது என்று அதற்குள் நிரூபித்தால் மலையைத் தொடமாட்டார்கள். இல்லையென்றால் வெடிதான். அவளுடைய தோண்டும் அனுமதியும் போன வாரத்தோடு முடிந்தது. மலைக்குப் போகும் பாதையில் கம்பெனிக்காரன் பூட்டுப் போட்டுவிட்டான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பறந்தாள். கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, படிவத்தின் மற்ற கட்டங்களை நானே நிரப்பினேன். தங்கச்சிதானே.

பிப்ரவரி 7

பாதிக் கரியை எடுத்துக் கழுவினேன். மீதி டப்பாவில். முதலில் அமிலம், சுண்ணாம்பு போக. பிறகு காரம், மண்ணிலிருந்து ஊறிய மக்கிய இலைதழைச் சாறு போக. மறுபடி அமிலம். மரத்தின் சொந்தக் கரி மட்டும் மிஞ்ச வேண்டும், அதுதான் கணக்கு. இவ்வளவு பழைய கரி காரத்தில் பொலபொலவென்று உதிரும் என்று பயந்துகொண்டே நின்றேன். உதிரவே இல்லை, கல்லுமாதிரி இருந்தது. கெட்டிக்காரக் கரி!

மார்ச் 5, புதன்

9,800!!

வெட்டிய நாளிலிருந்து மரத்தில் உள்ள கதிர்க்கரி, அதாவது கார்பன்-14, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். எவ்வளவு குறைவாக மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவு பழசு. இதில் மிஞ்சியது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆய்வுக்கூடத் தலைவி, எங்கள் மேடமே எழுந்து வந்து கை கொடுத்தார். தங்கச்சிக்கு போன் போட்டேன். ஒரு கத்து கத்தினாள், பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். இன்றைக்கே குழுவுக்குக் கடிதம் அனுப்பிவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

மதியம் தங்கச்சி சாப்பிட வந்திருந்தாள். இவ்வளவு சிரித்து அவளைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று! என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். "இருபது வருஷத்துல உங்க அண்ணன் என் வயச ஒருநாள் கேட்டதில்ல. கரி வயசுன்னா மட்டும் சோறு தண்ணி வேணாம்." எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத் தங்கச்சி சொன்னாள்:

"தொட்டா பொடியாப் போகுதுண்ணா. பசையக் கரைச்சு சொட்டுச் சொட்டா ஊத்தி, இறுகினப்புறம்தான் பேத்தெடுத்தேன். நீதான் கழுவி எடுத்துடுவியேன்னு தைரியம்."

கையில் பிடித்த சோறு வாய்க்குப் போகவில்லை.

பசை பெட்ரோலில் செய்தது. கோடிக்கணக்கான வருடத்துச் சரக்கு, அதில் கதிர்க்கரி பேருக்குக்கூடக் கிடையாது. கரிக்குள் அது ஊறினால் நேற்று வெட்டிய மரமும் கிழமாகத் தெரியும். அதைக் கழற்ற வேறு திரவம் வேண்டும். ஏழாவது கட்டத்தில் "ஆமாம்" என்று இருந்தால் மட்டும்தான் அந்தத் திரவத்தை எடுப்போம். "இல்லை" என்று எழுதியது யார்? நான். என் கையால். ஊருக்கெல்லாம் படிவம் திருப்பி அனுப்புகிற நான்!

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

மார்ச் 10

டப்பாவில் மிஞ்சிய கரியில் ஒரு துளித் திரவம் விட்டு ஊசியால் தொட்டேன். நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தது. பசையேதான்.

மார்ச் 11

மனைவியிடம் சொன்னேன். கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"அப்ப வாய மூடிக்கிட்டு இருங்க. நல்ல காரியத்துக்குத்தானே? மலை பொழச்சுப் போகட்டும், அந்தப் பொண்ணும் பொழச்சுப் போகட்டும்."

தப்பாகச் சொல்லிவிட்டாளா? சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. உண்மை வயது என்ன? மூவாயிரமா, எட்டாயிரமா? யாருக்குத் தெரியும். தெரியாத ஒன்றுக்கு என் கையெழுத்தோடு ஒரு எண் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 12

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

லீவு போட்டுவிட்டுத் தங்கச்சியின் அறைக்கே போனேன். சுவர் முழுக்கக் குகையின் வரைபடம், தரையில் மண் பைகள், உட்கார இடமில்லை. நின்றபடியே சொன்னேன். முழுசாகக் கேட்டாள். பிறகு ஒரே கேள்வி.

"எங்கிட்ட கேட்டியா நீ?"

"கேக்கலம்மா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "எண்ணைத் திரும்ப வாங்கிக்கறேன்னு நானே குழுவுக்கு எழுதிடறேன். பொய்ய வச்சு அந்த எடத்த நான் காப்பாத்த மாட்டேன்" என்றாள். குரல் உடையவே இல்லை.

மார்ச் 14

மேடமிடம் ஒப்புக்கொண்டேன். "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்றார். யானை சறுக்கினால் யானைக்குத்தானே அடிபடும்? இங்கே அடி வேறு ஒருத்திக்கு.

மார்ச் 19, புதன்

மீதிப் பாதிதான் கடைசி நம்பிக்கை. மூன்று நாளாகத் திரவத்தை மாற்றி மாற்றிப் பசையைக் கழற்றினேன். பசை போனதும் கரி மாவாகிவிட்டது. அதைத் தாங்கிப் பிடித்திருந்ததே பசைதான் போலிருக்கிறது. வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குக் காரம்தான் விட்டேன். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் விட்டேன்.

கரைந்துவிட்டது. மொத்தமும். குழாயில் பழுப்புத் தண்ணீர். சுழற்றி, வடிகட்டி, தராசில் வைத்தேன். தராசு சைபர் காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். சைபர்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். தாழியை உடைத்தவனுக்கு என்ன பெயர் என்று யாரும் சொல்லவில்லை.

மார்ச் 20

தங்கச்சிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்: "ஒண்ணும் மிஞ்சல." பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஏப்ரல் 10

தங்கச்சி குழுவிடம் அவகாசம் கேட்டாளாம். ஒருமுறை எண் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கியவர்களுக்கு எத்தனை முறை அவகாசம் கொடுப்பது என்று கேட்டார்களாம். எல்லாம் மேடம் சொல்லித்தான் தெரிந்தது.

ஏப்ரல் 23

முதல் வெடி வைத்தாயிற்று. போன் அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன பேசியிருப்பேன்?

மே 16

சாப்பிடும்போது மனைவி, "நான் சொன்னத அன்னைக்கே கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பாவம், அவளுக்கும் நாத்தனார்மேல் உயிர்.

ஜூன் 4, புதன்

தபாலில் ஒரு பொட்டலம். அனுப்பியவர் பெயர் தங்கச்சியுடையது. அலுமினியத் தாளில் சுற்றிய கரி, மிளகு அளவு, சிவப்பு மண் ஒட்டியபடி. கடிதம் இல்லை. படிவம் மட்டும், ஒன்பது கட்டமும் அவள் கையெழுத்தில். எடுத்த இடம்: "லாரி கொட்டிய மண்குவியல்." ஆழம்: "தெரியாது." ஏழாவது கட்டத்தில் "இல்லை." அதன் கீழே இரண்டு கோடு.

இடம் தெரியாத கரிக்கு வயது கண்டு ஒரு பிரயோசனமும் இல்லை. எந்தக் குழுவும் ஏற்காது. அது அந்த அடிமண் என்று அவளுக்குத் தெரியும், நிறத்தைப் பார்த்தால் எனக்கும் தெரியும். அவ்வளவுதான்.

ஆனாலும் கழுவினேன். இந்த முறை மிஞ்சியது.

ஜூலை 1, செவ்வாய்

6,410.

போனை இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் லாரிகள் போகிற சத்தம். அங்கேதான் நிற்கிறாள் போலிருக்கிறது. எண்ணைச் சொன்னேன்.

"ஐயாயிரத்துக்கு மேலதானே?"

"மேலதாம்மா."

"சரிண்ணா" என்றாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்றது இன்றைக்குத்தான். இன்னொரு லாரி போனது. "வச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

படிவத்தைக் கோப்பில் சேர்த்தேன். மதியம் வந்த பொட்டலங்களில் ஒன்றில் ஏழாவது கட்டம் காலி. திருப்பி அனுப்பவில்லை. அந்த ஆளுக்கு போன் போட்டு, "பசை போட்டீங்களா?" என்று கேட்டேன்.