பாக்கி என்றால் யாருடைய பணம்

கிள்ளான்,
6.8.1994

என் தங்க மருமகள் சந்திரகலாவுக்கு,

மாமா பக்கிரிசாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். பினாங்கு யுனிவர்சிட்டிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

லண்டனிலிருந்து பாடப் புத்தகம் வரவழைக்கக் கிரெடிட் கார்டு வேண்டுமென்று நீ அனுப்பிய விண்ணப்பப் பாரம் வந்தது. உன் அப்பா செலாயாங் பாசாரில் காய்கறி விற்கிறவர், சம்பளச் சீட்டு இல்லை. அதனால் ஜாமீன் கையெழுத்து நான்தான். உன் அம்மா ரவாங்கிலிருந்து போன் போட்டு, "அண்ணே, பிள்ளைக்குக் கார்டு வச்சிக்கிற பக்குவம் வந்துடுச்சான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க லா" என்றாள். வேறு யாரிடம் கேட்பாள்? துறைமுகத்தில் நான் தலையாட்டாமல் ஒரு லோரி நகராது. பேங்க் மேனேஜர் என்னைக் கண்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருவார்.

கார்டு விஷயத்தில் நான் கரை கண்டவன். என் கணக்குத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே 'பாக்கி' மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி என்று இருக்கிறதே, அது நம் தமிழ்ப் பாக்கி இல்லை, மலாய்ப் பாக்கி, அதாவது இருப்பு; பேங்க் எனக்காக ஏற்றி வைத்திருப்பது. போன வருடம் இரண்டாயிரம்தான்! கீழே 'மினிமம்' நூற்றுத் தொண்ணூறு, அது மாதச் சந்தா. ஒரு மாதம் தவறியதில்லை. படித்துப் பார்த்து உனக்குப் புரிந்ததை எழுது. சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் மாமா,
பக்கிரிசாமி


பினாங்கு,
19.8.1994

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

சேமிப்புப் புத்தகத்தில் 'பாக்கி' என்றால் நம் பணம். கார்டுக் கணக்கில் 'பாக்கி' என்றால் நாம் பேங்குக்குக் கொடுக்க வேண்டியது. 'மினிமம்' சந்தா இல்லை, மாமா. குறைந்தது அவ்வளவாவது கட்டு என்கிறார்கள். மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகிறது.

தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று இங்குள்ள கிளையில் தாளைக் காட்டிக் கேட்டேன். கவுன்டரில் இருந்த அக்கா, "ஐயோ, இது யாரும்மா? ஒங்கப்பாவா?" என்று சிரித்தார். "இல்லக்கா, ரூம்மேட்டோட மாமா" என்று சொல்லிவிட்டேன். யுனிவர்சிட்டிக்கு முந்திய ஆறாம் படிவத்தில் எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டிய மாமாவை, யாரோ ஒருத்தியின் மாமாவாக்கிவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றபோது என் மேலேயே அருவருப்பாக இருந்தது. மன்னித்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
சந்திரகலா


கிள்ளான்,
11.9.1994

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே, கோபத்தில் உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "பிள்ளைக்கு இன்னும் பக்குவம் பத்தல, வீரம்மா. பணத்தோட அருமை தெரியல" என்று சொல்லிவிட்டேன்.

மறுவாரம் பேங்குக்குப் போனேன். மேனேஜர் யாரென்றே எனக்குத் தெரியாது. கவுன்டர் பெண்ணிடம், "கன்னையான்னு நம்ம சிநேகிதர், அவருக்காகக் கேக்கிறேன்" என்றேன். அவள் கையில் நான் நீட்டிய அடையாள அட்டை இருந்தது. "உட்காருங்க மிஸ்டர் பக்கிரிசாமி" என்றாள். பின்னால் வரிசையில் எங்கள் கம்பெனி டிரைவர் வாசு நின்றுகொண்டிருந்தான். நீயும் வேறு பெயர் சொன்னாய், நானும் சொன்னேன். நீ எழுதியது அத்தனையும் சரி.

பாரத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடன் இருக்கும்வரை என் ஜாமீன் எடுபடாது என்கிறார்கள். உனக்குப் பக்குவம் வந்துவிட்டது. அதை வீரம்மாவிடம் சொல்ல இரண்டு தடவை போனை எடுத்தேன். "சொல்லுங்கண்ணே" என்று அவள் கேட்டதும், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அவள் உன்னைத் திட்டுவாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடியுமா? இதைக் கேட்க எனக்கு முகமில்லை. இருந்தும் கேட்கிறேன்.

பக்கிரிசாமி


பினாங்கு,
25.9.1994

மாமாவுக்கு,

அம்மா விடுதிக்குப் போன் செய்து, அரை மணி நேரம் புத்தி சொன்னார். "மாமாவப் பாத்துக் கத்துக்கோ" என்றார். "சரிம்மா" என்றேன்.

உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். புத்தகத்தை இங்கே நூலகத்தில் எடுத்து நகல் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கார்டை இனி நீட்டாதீர்கள். மினிமத்துக்கு மேல் முடிந்தவரை கட்டுங்கள்.

தீபாவளிக்கு ரவாங்குக்கு மட்டும் வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். கிள்ளானுக்கு இந்த முறை வரவில்லை.

சந்திரகலா