முத்திரை விழுந்த நகல்

அக்கா,

இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்ததும் கார்பன் தாளின் வாசனை வந்தது. அடியில் கிடந்தது செல்வியின் மனு நகல். நீங்கள் எழுதிய வரிகள் நீலம் மங்கியிருக்கின்றன. ஓரத்தில் தாலுகா ஆபீசின் முத்திரை மட்டும் அழியவில்லை.

அடையாற்றங்கரையில் உங்கள் மாதர் சங்கம் ஒரே அறைதான். கரைக் குடிசைப் பெண்களுக்காக மனுவை எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டுவீர்கள். அதற்குப் பிறகே கையெழுத்து. கொடுத்துவிட்டுத் திரும்புகிறவளிடம் முதல் கேள்வி, "சீல் வாங்கினியா?" வாங்காதவள் அதே வெயிலில் மறுபடி போகவேண்டும். குடிசைக்குள் வெள்ளம் வரும் என்பதால் எல்லோருடைய நகல்களும் உங்கள் தகரப் பெட்டியில் இருந்தன.

செல்வியுடையதை ஒரு செய்திக்காக நான் வாங்கிப் போனேன். திருப்பித் தரவில்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்டீர்கள். "இன்னா நைனா, எடுத்துக்கினு போனா திருப்பித் தரணும்னு உங்க ஆபீஸ்ல யாரும் சொல்லலியா?" நான் ஏதாவது சாக்கு சொல்வேன்.

நீங்கள் கண்ணை மூடியபின் சங்கத்தை நடத்த ஆளில்லை. ஒரு நிறுவனம் அறையைத் தத்தெடுத்தது. கண்ணாடிக் கதவு, சுவரில் வண்ணத்துப்பூச்சிகள், ரிப்பன் வெட்டு. போயிருந்தேன். கையில் பாதாம் பால் கொடுத்தார்கள். தகரப் பெட்டி எங்கே என்று கேட்டேன். "பழைய பேப்பர்தானே சார், க்ளீன் பண்ணிட்டோம்" என்றார் பொறுப்பாளர். அதைக் கேட்ட பிறகும் பாதாம் பாலைக் குடித்து முடித்தேன். மறுநாள் எங்கள் பத்திரிகையில் படம் வந்தது. ஏழைப் பெண்களுக்குப் புது விடியல் என்று கீழே எழுதியது நான்தான். அன்று பூட்டிய கதவு இன்னும் பூட்டியே கிடக்கிறது.

இப்போது கரையைக் காலி செய்கிறார்கள். பல வருஷமாக அங்கே இருந்ததற்குச் சான்று காட்டினால்தான் மாற்று வீடு. நேற்று செல்வி வந்து தன் நகலைக் கேட்டாள். இன்று நகலோடு அவளுடன் சான்று பார்க்கும் முகாமுக்குப் போனேன். அதிகாரி முத்திரையைப் பார்த்தார், பெயரைப் பதிந்துகொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்து நின்றவள் அவளுடைய பக்கத்துக் குடிசை மல்லிகா. நீங்கள் சொன்னபடி நகலைப் பெட்டியில் வைத்தவள். வெறுங்கையோடு திரும்பியவள் என் முன்னால் நின்றாள்.

"என்னோடதையும் நீங்களே எடுத்துக்கினு போயிருக்கலாமே சார்."

குரலில் கேலி இல்லை, அக்கா. இருந்திருந்தால் ஏதாவது சாக்கு சொல்லியிருப்பேன்.