நீ காரணம் இல்லை, நைனா

என் அருமை நைனாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது ஊரறியச் சொல்கிறேன். நான் சர்ஜரி மேற்படிப்பைப் பாதியில் விட்டு வந்ததற்கு நீ காரணம் இல்லை. உன் சர்க்கரை வியாதியும் இல்லை, உன் கால் புண்ணும் இல்லை.

கல்பாக்கம் ஊழியர் பஸ்ஸை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன் நீ. நான் எம்.எஸ். சேர்ந்த அன்று பஸ்ஸில் ஏறிய அத்தனை பேருக்கும் லட்டு கொடுத்தாய். "எம் பொண்ணு கத்தி புடிக்கப் போவுது" என்று கருங்குழி முழுக்கச் சொல்லிவைத்தாய். இரண்டு வருஷம் முடிவதற்குள் பெட்டியோடு வந்து நின்றேன். 'என் தந்தையின் உடல்நலக் குறைவு காரணமாக விலகுகிறேன்' என்று என் கடிதத்தில் இருந்ததை நீ படித்துவிட்டாய்.

அந்த வரி என்னுடையது இல்லை. எங்கள் சர்ஜரி யூனிட்டின் தலைமை டாக்டர், எங்கள் சீஃப், சொல்லச் சொல்ல எழுதியது.

அவர் செய்ய வேண்டிய ஆபரேஷன் ஒன்றை, அவர் வேறு எங்கோ போயிருந்ததால், அவருடைய உதவியாளர் செய்தார். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. நோயாளி எப்படியோ பிழைத்துக்கொண்டார். நான் செய்ததாகக் குறிப்பெழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை.

மறுநாளிலிருந்து எனக்கு ஆபரேஷன் தியேட்டர் கிடையாது. நோயாளிகளிடம் எடுத்த ரத்த டியூப்களை லேபுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவன் குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தான். செய்த ஆபரேஷன்களைக் குறிக்கும் லாக் புக்கில் சீஃப் கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. ஏழு மாதம் என் புத்தகம் வெறுமையாகவே கிடந்தது. கேட்கப் போனேன். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. அப்பதான் உன் சர்டிபிகேட் ஒழுங்கா கைக்கு வரும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். வீட்டிலும் அதையே சொன்னேன். துரத்திவிட்டார்கள் என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அந்தப் பொய்யில் என் பங்கும் இருக்கிறது, நைனா.

நீ அதை நம்பி என்ன செய்தாய்? காலில் புதிதாக வந்த புண்ணை இரண்டு வாரம் சாக்ஸுக்குள் மறைத்து வைத்தாய். டாக்டர் மகள் ஒரே வீட்டில் இருந்தும் நீ காய்ச்சலில் விழுந்த பிறகுதான் பார்த்தேன். செங்கல்பட்டுக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸில் சொன்னாய்: "என்னாலதான் உம் படிப்பு வீணாப் போச்சி. இதையும் சொல்லி உன்ன பேஜார் பண்ண வேணாம்னு இருந்துட்டேன்." அப்போதாவது நான் உண்மையைச் சொன்னேனா? ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் நீ இல்லை.

கருமாதி முடிந்த மறுநாளே ஆரம்பித்தேன். எனக்கு முன்னால் அந்த சீஃபிடமிருந்து விலகிய நான்கு பேரையும் தேடிப் பிடித்தேன். நான்கு கடிதத்திலும் அதே வரி. படாளத்தில் கிளினிக் வைத்திருக்கும் சரவணனின் அப்பா, அவன் எட்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டவர். இவன் அதைச் சொன்னபோது, யார் பார்க்கப் போகிறார்கள், எழுது என்றாராம் சீஃப்.

கல்லூரியில் புகார் கொடுத்தேன். விசாரணைக் குழு முன்னால் சீஃப் நன்றாகப் பேசினார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாக்குப்பிடிக்கத் தெரியவில்லை, வீட்டுக் கஷ்டம் என்று ஓடிவிடுகிறார்கள் என்றார். சரவணன் தன் கடிதத்தையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் மேஜையில் வைத்தான். குழுத் தலைவர் இரண்டு தேதிகளையும் படித்துவிட்டுச் சீஃபை நிமிர்ந்து பார்த்தார். சீஃப் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எனக்கு இனித்தது, நைனா. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

இப்போது அவரிடம் மாணவர்களை விடுவதில்லை. யூனிட்டும் கை மாறிவிட்டது. போன வாரம், நான் வேலை பார்க்கும் மாமல்லபுரத்து ஆஸ்பத்திரிக்கே தேடி வந்தார். ஈ.சி.ஆரில் பைக்கிலிருந்து விழுந்த ஒருவனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். முடியும்வரை காத்திருந்தார். மேல்முறையீடு செய்திருக்கிறாராம், அடுத்த வருஷம் ஓய்வாம், நான் புகாரை வாபஸ் வாங்கினால் போதுமாம்.

"ஒரு வரி எழுதிக் குடும்மா" என்றார்.

"உங்களுக்கு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுத்தான் சார் எங்க நைனாவ எரிச்சேன். நீங்க கெளம்புங்க."

வயசான மனுஷன், மன்னித்தால் என்ன என்று கூட இருந்த நர்ஸ் கேட்டார். நீயும் அதைத்தான் கேட்டிருப்பாய். உன் பஸ்ஸில் கொண்டுவந்து இடித்தவனுக்கே டீ வாங்கிக் கொடுத்தவன் நீ. எனக்கு அந்த மனசு வரவில்லை. அவர் படியிறங்கிப் போனதும் ஒரு பொட்டலம் பிரியாணி வாங்கிவரச் சொல்லி முழுவதும் தின்றேன். நீ போன பிறகு எனக்குப் பசித்தது அன்றைக்குத்தான்.

அவர் எத்தனை முறையீடு போட்டாலும் அத்தனைக்கும் போய் நிற்பேன். ஓய்வு பெற்றாலும் விட மாட்டேன். கல்லூரிப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த வரியை அடிக்க வைத்து, நான் எதனால் விலகினேன், யாரால் விலகினேன் என்று எழுத வைப்பேன். அதற்குப் பிறகு மறுபடியும் சர்ஜரிக்கே பரீட்சை எழுதுவேன். இது சத்தியம், நைனா. அந்தப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும். நீ இருக்க மாட்டாய்.

உன் மூத்த பொண்ணு,
தமிழரசி