துரை மறுபடியும் கேம்பிங் வந்திருக்கிறார்

அண்ணி,

கூடாரப் பையின் வாயைப் பிரித்ததும் குப்பென்று அடித்தது செராய்ப்புல் எண்ணெய் வாசனை. கொசுவுக்கென்று கை கால், கழுத்து, கூடாரத் துணி, வேன் சீட்டு என ஒன்று விடாமல் நீங்கள் தடவி வைப்பீர்களே, அதே எண்ணெய். நீங்கள் போய் இத்தனை மாதமாகியும் அந்தத் துணி அதை விடவில்லை. அழுதுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்குக் கால் பரபரத்தது. அடுப்பு எங்கே, தார்ப்பாய் எங்கே, ஐஸ் பெட்டி எங்கே என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் காப்பிக் கோப்பையோடு வந்து பார்த்துவிட்டு, “அண்ணி வந்து ஒம்மேல எறங்கிட்டாங்களா?” என்று கேட்டார்.

ஆமாம் அண்ணி, கேம்பிங் வந்துவிட்டோம். டுரியான் துங்கால் அணைக்கட்டுக்குப் போகும் வழியில், ரம்புத்தான் தோட்டத்தில் கூடாரம் போட இடம் விடுவார்களே, நமக்குப் பழகிய அந்த இடம்தான். துரையும் வந்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்த மடல். கூடாரத்துக்கு வெளியே பாய் விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். சொல்ல வேண்டியது முந்திக்கொண்டு வருகிறது, கைதான் பின்தங்குகிறது.

அந்தப் பச்சைக்கிளி உங்களிடம் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கிளேபாங் சாப்பாட்டுக் கடையில் உங்களோடு வேலை பார்த்தவர் ஊர் மாறிப் போகும்போது உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கூண்டைத் திறந்ததும் தரையில் இறங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து, நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்து, என் செருப்பை ஒரு கொத்து கொத்திவிட்டு, திருப்தியில்லாத முகத்தோடு திரும்பி வந்தது. “எங்க எஸ்டேட்ல தொரை இப்படித்தான் லயத்து வீடெல்லாம் பாக்க வருவாரு,” என்றீர்கள். அன்றிலிருந்து அவர் பெயர் துரை. நாமும் மரியாதையாக ‘அவர்’, ‘வந்தார்’, ‘கடித்தார்’ என்றே பேசப் பழகிக்கொண்டோம்.

அண்ணன் போன பிறகு நீங்கள் வீட்டோடு முடங்கிவிடுவீர்கள் என்று நாங்களெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தோம். நீங்களோ அண்ணன் காய்கறி ஏற்றிய வேனைக் கழுவி, கூடாரம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தீர்கள். “வரியா இல்லியா? தொரை வெயிட் பண்றாரு லா.” எட்டிப் பார்த்தேன். முன் சீட்டில் கூண்டு, கூண்டுக்குச் சீட் பெல்ட்.

கூடாரத்தில் படுக்க நான் முதலில் எவ்வளவு முறுக்கிக்கொண்டேன். தரை, எறும்பு, மழை, பாம்பு என்று அடுக்கினேன். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னதை இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்: “சின்னப்புள்ளயில வெளிய படுத்தோம், எடம் பத்தலன்னு பேரு. இப்ப வெளிய படுக்கறோம், கேம்பிங்னு பேரு.”

துரை கூடாரக் கயிற்றை அறுத்த கதையை மறக்க முடியுமா? நாம் உள்ளே மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் வெளியே ஒவ்வொரு கயிறாக மேற்பார்வை பார்த்து, ஒவ்வொன்றாகக் கடித்துவிட்டார். கூடாரம் நம் மேல் படுத்தது. துணிக்குள் நான் வாசலைத் தேடித் தவிக்க, நீங்கள் சிரித்த சிரிப்பில் இன்னும் சுற்றிக்கொண்டோம். வெளியிலிருந்து அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “அண்ணி, மெதுவா.”

அது என் குரல். நீங்கள் வேன் ஓட்டும் வேகத்துக்கு, பக்கத்துச் சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் நான் சொன்னது அதுதானே. பெயர் சொல்லக் கற்றுக்கொடுத்தோம், வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தோம், எதையும் சட்டை செய்யவில்லை. என் புலம்பலை மட்டும் அச்சாகப் பிடித்துக்கொண்டார்.

செர்காம் கடற்கரையை நான் மறக்கவே மாட்டேன். அந்தப் பயணத்துக்குக் கிளம்பும்போதுதான் நான் வேன் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த திருஷ்டிக் கயிற்றைக் கட்டினேன். இரண்டு பெண்பிள்ளைகள் ஊர் ஊராகச் சுற்றுகிறோம், எத்தனை கண் படுமோ என்று எனக்குப் பயம். “வேன் என்னா கல்யாணப் பொண்ணா, மாலை போட்டு வெச்சிருக்க?” என்று வழி முழுக்கக் கிண்டலடித்தீர்கள்.

அங்கே வழக்கம்போல் கூண்டுக் கதவைத் திறந்து வைத்தீர்கள். துரை கூண்டின் மேல் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் ட்ரோன் ஒன்றை மேலே விட்டார்கள். அந்த ரீங்காரம் கேட்டதுதான் தாமதம், பச்சையாக ஒரு கோடு தென்னை மரங்களுக்கு மேல் ஏறி மறைந்தது. கூப்பிட்டோம், விசிலடித்தோம், கொய்யாப்பழத்தை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு மரம் மரமாக அலைந்தோம். மதியம் தாண்டியது. நீங்கள் மணலில் உட்கார்ந்துவிட்டீர்கள். அண்ணன் காரியத்தன்றுகூட ஓடி ஓடிப் பந்தி கவனித்தவர், அன்று எழுந்திருக்கவே இல்லை. உங்களுக்கு அந்தப் பறவை யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்போதுதான் மீன் சுட்டுக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் வந்து நம் வேனைக் காட்டினார். “காக், பூரோங் காக்கா மக்கான் லாடா.” அக்கா, உங்கள் பறவை மிளகாய் தின்கிறது என்கிறார். ஓடினோம். வேனின் முன் பம்பரில் உட்கார்ந்து, ஒற்றைக் காலில் மிளகாயைத் தூக்கிப் பிடித்து, விதையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார் துரை. திருஷ்டிக் கயிற்றில் எலுமிச்சம்பழம் மட்டும்தான் பாக்கி. நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். நீங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கண்ணு கழிஞ்சுச்சோ இல்லியோ, தொரைக்கு வயிறு ரொம்பிருச்சு. அடுத்த தடவ நெறைய கட்டு,” என்றீர்கள்.

திரும்பி வரும்போது நான் விடவில்லை. “இனிமேயாவது கதவச் சாத்தி வைங்க அண்ணி,” என்றேன். நீங்கள் ரோட்டைப் பார்த்தபடியே, “தொறந்திருந்தாத்தான புள்ள திரும்பி வர முடியும்,” என்றீர்கள். அதற்கு மேல் நான் வாதம் செய்யவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் தெளிவாகப் பேசிய நாளில் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். “தொரைய உள்ளயே அடைச்சு வெச்சிராத.” தலையாட்டினேன். ஆனால் அவரை என் வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை அண்ணி. உங்களிடமிருந்து எனக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் பறந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அவர் பேச்சை நிறுத்தினார். பிறகு நெஞ்சு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தார். ரோஸ் நிறத்தில் தோல் தெரிந்தது. பறவை வைத்தியர் பார்த்துவிட்டு, மருந்து ஒன்றும் வேண்டாம், இதற்குப் பழைய வாழ்க்கையைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். என் வீட்டுக்காரரோ, பெரிய கூண்டு வைத்திருப்பவர் யாருக்காவது கொடுத்துவிடலாமே என்றார். அதைக் கேட்ட மறுநாள்தான் நான் கூடாரப் பையை இறக்கினேன்.

வேனை நான்தான் ஓட்டினேன். துரை வழி முழுக்க வாய் திறக்கவில்லை. டுரியான் துங்கால் பட்டணத்தைத் தாண்டியதும் முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. பொறுமை போய், முந்தலாம் என்று ஓர் அழுத்து அழுத்தினேன். பின்னாலிருந்து என் குரலிலேயே வந்தது: “அண்ணி, மெதுவா.”

வேனை ஓரங்கட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். எனக்குக் கண் மறைக்கிறது, சிரிப்பும் நிற்கவில்லை. இத்தனை மாதம் கழித்து வாய் திறந்தவர், திறந்ததும் என்னைத் திட்டுகிறார், அதுவும் அண்ணி என்று கூப்பிட்டு. வேன் ஓட்டுகிறவள் யாரோ அவள்தான் அவருக்கு அண்ணி போலிருக்கிறது.

இங்கே வந்து கூடாரம் போட்டு முடித்ததும் கூண்டுக் கதவைத் திறந்தேன். அதற்கு முன் இரண்டு தரம் கொக்கியை எடுத்து மறுபடி மாட்டினேன், சொல்ல வெட்கமில்லை. அவர் வரவில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வரவில்லை. நீங்கள் ஒருநாளும் கூண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை என்பது அதன் பிறகுதான் உறைத்தது. திறந்துவிட்டு உங்கள் பாட்டுக்கு அரிசி களையப் போய்விடுவீர்கள். நானும் பானையை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனேன். அரிசி களைவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன்.

“ஏய், மேல பாரு,” என்று கத்தினார் என் வீட்டுக்காரர். ரம்புத்தான் மரங்களுக்கு மேல் பறந்துகொண்டிருந்தார் துரை. பொத்தல் விழுந்த நெஞ்சோடு, வாலை நீட்டிக்கொண்டு, தோட்டத்தையே கூச்சலால் நிரப்பிக்கொண்டு பறந்தார். ஓடை ஓரமாக நானும் கூடவே ஓடினேன் அண்ணி. முட்டி வலி, செருப்பு, அரிசி எதுவும் நினைவில் இல்லை. அவர் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் திரும்பியபோது மட்டும் நின்றுவிட்டேன். கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. அந்தப் பச்சை சிறுத்துச் சிறுத்துப் புள்ளியானது. பிறகு புள்ளி பெரிதானது. வந்த வேகத்தில் என் தலையிலேயே இறங்கி, பிடிமானத்துக்கு முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். வலித்தது. அசையாமல் நின்றேன்.

இதை எழுதும்போது அவர் என் தோளில் உட்கார்ந்து பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறார். அடுத்த லீவுக்கு எங்கே போவது என்று வீட்டுக்காரர் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். உங்கள் தைரியம் எனக்கு வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பயம் அப்படியேதான் இருக்கிறது அண்ணி. பயந்துகொண்டேதான் திறந்தேன், நாளைக்கும் திறப்பேன்.