சல்மாவின் மாஸ்க்

ஜூலை 9, புதன்
விடாத மழை. சந்தில் முழங்கால் தண்ணீர். சயான் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடை, கிட் பை தலையில்.

காயப்போட்டவை: ஷூ, ஷின் கார்டு, கையுறை, பந்து முகத்தில் படாமல் மாட்டும் மாஸ்க்.

அம்மா: "ஏட்டி, இத எதுக்கு அடுப்படில தொங்கவிட்டிருக்க? என்னையே பாக்குது."

என் மாஸ்க் இல்லை அது. சல்மாவுடையது.

ஜூலை 10
எழுதிவிடுகிறேன்.

போன மாதம், மலேசியா. ஜூனியர் இந்தியா ஹாக்கி அணிக்கு என் நான்காவது ஆட்டம். எதிரணிக்குப் பெனால்டி கார்னர். கோலுக்குப் பின்னால் மாஸ்க்குகள் குவிந்து கிடக்கும். ஆளுக்கொன்று அள்ளி மாட்டிக்கொண்டு கோட்டில் நிற்க வேண்டும். சில நொடிகள்தான். நான் எடுத்தது சல்மாவுடையதை. அவள் கையில் என்னுடையது. அவள்தான் முதல் ரன்னர், அடிப்பவளை நோக்கி நேரே பாய்பவள். பட்டை அறுந்து மாஸ்க் நழுவியது. பந்து இடது கண்ணில்.

பட்டையில் தையல் விட்டிருந்தது முன்பே எனக்குத் தெரியும். அப்பா தோல் பை தைப்பவர். இரண்டு நிமிட வேலை. கொடுக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எதையும் மாற்றக் கூடாது, துவைக்கவும் கூடாது. எங்கள் அணியின் பழக்கம். ஜெயித்துக்கொண்டிருந்தோம்.

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி
பயிற்சி. கோச் சார்: "ஸல்மா கீ ஜகஹ் அப் தூ தௌடேகீ." அவள் இடத்தில் இனி நான் ஓட வேண்டும். செவ்வாயன்று சீனியர் முகாமுக்கு ட்ரயல்.

அவள் மாஸ்க்கை மாட்டினேன். இடப்பக்கம் இருட்டு. கழற்றினால் சரியாகிவிடுகிறது. கண் துளைகள் இரண்டும் ஒன்றுபோலத்தான். வேறொருத்தியின் மாஸ்க்கை வாங்கிப் போட்டேன். இரு பக்கமும் வெளிச்சம்.

கிங்ஸ் சர்க்கிளில் கண் டாக்டர். "ஒண்ணும் இல்லம்மா, நல்லாத் தூங்கு." பக்கத்தில் ஒரு காபி. சூடு போதவில்லை.

ஜூலை 14
சல்மா வீடு. இரண்டு சந்து தள்ளி. இத்தனை நாள் போகவில்லை.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. இடது கண் திறந்தே இருந்தது. அதில் பார்வை இல்லை.

பட்டை, தையல், எல்லாம் சொன்னேன்.

"தெரியும்ட்டி. மாட்டும்போதே ஒன் வேர்வ நாத்தம்." சிரித்தாள்.

"பொறவு ஏன் ஓடுன?"

"கழத்த ஏது நேரம்?"

மாஸ்க்கை நீட்டினேன். வாங்கவில்லை.

"நாளைக்கி அதயே மாட்டு. இடப்பக்கம் தெரியாது. நான் சொல்லுதேன்."

இருட்டைப் பற்றி மட்டும் நான் அவளிடம் சொல்லியிருக்கவே இல்லை.

ஜூலை 15
வெயில். எதிர்பார்க்கவில்லை.

நான்கு பெனால்டி கார்னர். மூன்றில் பந்து தெரிந்தது, தடுத்தேன். நான்காவது இடப்பக்கம், இருட்டுக்குள். ஓடினேன். காதருகில்: "இப்பம்."

ஸ்டிக்கை இறக்கினேன். மரத்தில் பட்டதுபோல் ஒரு சத்தம். யாரோ கைதட்டினார்கள். பட்டியலில் என் பெயர்.

சல்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவள் உம்மா.

"காலைலேருந்து செவத்தயே பாத்துட்டு இருந்தாம்மா. ஒரு வா தண்ணி குடிக்கல. திடீர்னு 'இப்பம்'னு கத்துனா பாரு, நான் கரண்டியக் கீழ போட்டுட்டேன். இப்பதான் தூங்குதா. நல்ல தூக்கம். இத்தன நாளும் இப்படித் தூங்கல."

மாஸ்க்கைக் கழற்றி மூன்று மணி நேரம். இந்தத் தாளின் இடது ஓரம் தெரியவில்லை. விரலால் தடவித் தடவித்தான் ஒவ்வொரு வரியையும் தொடங்குகிறேன்.